‘வளர்ற பிள்ளைதானே!’ – சைக்கிள் வாங்கப் போகும் தாத்தாக்களுக்கு

நம்ம ஊர்ப் பக்கம் கடைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே சமாதானம்தான். பள்ளிக்கூடச் சட்டையா? “வளர்ற பிள்ளைதானே, ரெண்டு அளவு பெரிசா எடு.” ஷூவா? “முன்னால கொஞ்சம் பஞ்சு வச்சுக்கலாம்.” இதே வாக்கியத்தைச் சைக்கிள் கடையிலும் சொல்கிறோம். சட்டை தொளதொளவென்று இருந்தால் கூடப் படிக்கும் பிள்ளைகள் சிரிக்கும், அவ்வளவுதான். சைக்கிள் பெரிசாக இருந்தால் பிள்ளை ரோட்டில் விழும். இந்த வித்தியாசம் ஏன் நம் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது? இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தபால் பையை மாட்டிக்கொண்டு 31 வருஷம் சைக்கிள் மிதித்தவன். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அப்பா விட்டுப்போன 24 இஞ்ச் ராலேயில்தான் வேலையைத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வீட்டு வாசலில் நிறுத்தி ஏற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கால் ஊன்ற ஒரு கல்லோ திண்ணையோ தேட வேண்டும். அளவு மீறிய சைக்கிள் என்ன செய்யும் என்பதை என் இடுப்பும் முழங்காலும் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் காலத்தில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று சொன்னது ஃபிரேமின் உயரத்தை. அதாவது பெடல் சுற்றும் இடத்திலிருந்து சீட்டுக்குக் கீழே வரை போகும் குழாயின் நீளம். சக்கரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 28 இஞ்ச். இன்றைக்குக் கடையில் 20, 24, 26 என்று சொல்வது சக்கரத்தின் அளவை. நம் வாயில் 24 இஞ்ச் என்றால் நெட்டை ஆளுக்கான ஹெர்குலிஸ். கடைக்காரப் பையன் வாயில் 24 இஞ்ச் என்றால் பத்து வயசுப் பிள்ளைக்கான வண்டி. இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு வண்டியைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதிலும் ஒரு சங்கதி. சக்கர அளவு சக்கரத்தைப் பற்றித்தான் சொல்கிறது, ஓட்டுகிறவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 26 இஞ்ச் என்று போட்ட இரண்டு வண்டிகளை எடுங்கள். ஒன்றில் பார் தாழ்ந்து சரிந்திருக்கும். மற்றதில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அந்த 26 கூட ஒரே 26 இல்லை. பழைய எஸ்.எல்.ஆர். மாதிரி ஒல்லி டயர் வண்டிக்கு ரிம் 590 மில்லிமீட்டர், தடித்த டயர் கியர் வண்டிக்கு 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. சந்தேகம் இருந்தால் டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பது போல் பொறித்திருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எண்தான் ரிம்மின் அளவு.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒன்பது வயசுப் பையன் ஒருவனுக்கு அவன் தாத்தா, எனக்கு மச்சான் முறை, 26 இஞ்ச் கியர் சைக்கிள் வாங்கி வந்தார். சீட்டை அடிவரை இறக்கியும் பையனின் பெருவிரல்தான் தரையைத் தொட்டது.

“மச்சான், இது அவனுக்கு மூணு வருஷம் கழிச்சு ஓட்ட வேண்டிய வண்டி. மாத்திட்டு வாங்க” என்றேன்.

“அட போங்க மாப்ள. வாங்குறதுதான் வாங்குறோம், பெரிசா வாங்கினா காலேஜ் வரைக்கும் ஓடும்ல?”

காலேஜ் வரைக்கும் எங்கே ஓடுவது? நாலாம் நாள் பையன் பிரேக் பிடித்து நிறுத்தினான். கால் எட்டவில்லை, வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் தோளில் கட்டு. அது தெருவுக்குள் நடந்ததால் எலும்போடு போயிற்று. மெயின் ரோட்டில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன், எழுத மனசு வந்திருக்காது.

நம் ரோடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கெங்குவார்பட்டியைத் தாண்டினால் காட்ரோடு பிரிவு, கொடைக்கானல் போகிற வண்டியெல்லாம் அங்கேதான் திரும்புகிறது. சனி, ஞாயிறு, கோடை விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகிற வேன்கள் ராத்திரி பகலாக ஓடும். இந்த ரோட்டில் பிள்ளை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை நிற்பது. நினைத்த இடத்தில் நின்று, காலை ஊன்றி, வண்டியைக் கடந்துபோக விட வேண்டும். கால் எட்டாத பிள்ளைக்கு நிற்க முடியாது. நிற்க முடியாது என்பதால் நிற்காமலே போகப் பார்க்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உடனே நம் ஆட்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். “நாங்கல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தானப்பா கத்துக்கிட்டோம்!” போட்டோம், மறுக்கவில்லை. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, இடது கையால் ஹேண்டில் பாரையும் வலது கக்கத்தில் சீட்டையும் இடுக்கிக்கொண்டு அரைவட்டம் மிதித்தோம். 2024-ல் ‘குரங்கு பெடல்’ என்று சினிமாகூட வந்தது. பார்த்துவிட்டு நம் வயசுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏன் குரங்கு பெடல் போட்டோம்? நம் அளவுக்கு வண்டி இல்லை. வீட்டுக்கு ஒரு சைக்கிள், அதுவும் அப்பாவின் அளவு. வாடகைக் கடையில் சின்ன சைக்கிள் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதற்கும் கூட்டம். இல்லாமையால் செய்ததை இப்போது வீரமாக்கி, கடையில் அளவான வண்டி நிற்கும்போதும் பேரன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? நாம் குரங்கு பெடல் போட்ட காலத்தில் ரோட்டில் மணிக்கு ஒரு பஸ் வந்தது. முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தோம் என்றால் அதற்குக் காரணம் நம் திறமை அல்ல, காலியாகக் கிடந்த ரோடு.

சரி, அளவை எப்படிப் பார்ப்பது? வயசைக் கேட்காதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கிறது. வயசைக் கேட்டு வண்டி எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுத் தையல் டேப்பை எடுங்கள்.

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நிற்க வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுதான் கவட்டை உயரம். சைக்கிள் வாங்க வேண்டிய ஒரே முக்கியமான அளவு இது.

இனிக் கடையில் மூன்று சோதனை. முதலாவது, பாருக்கு மேலே காலை விரித்து இரண்டு பாதமும் தரையில் பதிய நிற்க வேண்டும். கவட்டைக்கும் பாருக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இரண்டாவது, சீட் உயரம். புதிதாகக் கற்கும் பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க முடிய வேண்டும். அப்படியென்றால் சீட்டின் தாழ்ந்த உயரம் கவட்டை உயரத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகு சீட்டை உயர்த்தலாம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். அதற்குப் பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும், அதுதான் சரி. மூன்றாவது, பிரேக். கைப்பிடியை விடாமல் இரண்டு விரலால் பிரேக்கை எட்டிப் பிடித்து, வண்டியைத் தள்ளினால் சக்கரம் நிற்க வேண்டும். பெரிய வண்டியின் பிரேக் பெரியவர்களின் கைக்காகச் செய்தது. சின்னக் கை எட்டிப் பிடிப்பதற்குள் லாரி வந்துவிடும்.

தோராயமாகக் கணக்கு வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மொத்த உயரம் 105 முதல் 120 செ.மீ. வரை என்றால் 16 இஞ்ச் சக்கரம். 115 முதல் 135 வரை 20 இஞ்ச். 130 முதல் 150 வரை 24 இஞ்ச். அதற்கு மேல்தான் 26. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு எது என்பதை மேலே சொன்ன மூன்று சோதனைதான் தீர்மானிக்க வேண்டும். தாத்தாவின் ஆசை அல்ல.

கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று எடை. நம் பழைய கம்பி பிரேக் சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ. 30 கிலோப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பது, 65 கிலோ ஆளுக்கு 43 கிலோ வண்டியைக் கொடுப்பது மாதிரி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஏழு கிலோதான் குறைவு. நீங்கள் ஓட்டுவீர்களா? இரண்டாவது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கை. பெரியவர் வண்டியில் அது 17 செ.மீ. இருக்கும். சின்னப் பிள்ளை மிதிக்கும்போது பெடல் மேலே வருகையில் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும், கீழே போகையில் இடுப்பு ஒரு பக்கம் சரியும். இடுப்பை ஆட்டி ஆட்டி ஓட்டும் பிள்ளையைப் பார்த்து “ஸ்டைலா ஓட்டுறான்” என்கிறோம். ஸ்டைல் எல்லாம் இல்லை, கால் எட்டவில்லை. சீட்டைத் தாழ்த்தினாலும் கிராங்க் நீளம் குறையாது. ஆகவே, “பெரிசா வாங்கி சீட்டை இறக்கிக்கலாம்” என்ற கணக்கும் பாதிதான் தேறும்.

“சின்ன சக்கரம்னா ஓடாதே, மிதிச்சு மிதிச்சு பிள்ளை ஓய்ஞ்சு போகுமே?” இதுவும் பழைய பேச்சு. ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது சக்கரத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்க வேண்டும். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர். முன்னால் 44, பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். 20 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 1.6 மீட்டர்தான். ஆனால் முன்னால் 48, பின்னால் 14 போட்டால் அதுவும் ஏறக்குறைய 5.5 மீட்டர் போகும். இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் 1962-ல் 16 இஞ்ச் சக்கரத்தில் பெரியவர்களுக்கே சைக்கிள் செய்தார். அதே வருஷக் கடைசியில் அந்த வண்டியில் ஒருவர் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை ஓட்டிச் சாதனையை முறியடித்தார். குண்டு குழியில் சின்ன சக்கரம் கொஞ்சம் அதிகம் குலுக்கும், அது உண்மை. அதற்காகப் பிள்ளையை ஏணியில் ஏற்றி உட்கார வைக்க வேண்டியதில்லை.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். மிச்சம் பிடிக்கத்தானே பெரிசாக வாங்குகிறோம்? பள்ளிக்கூட வயசில் பிள்ளை வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளரும். அதில் பாதி காலில் சேரும், அதாவது 3 செ.மீ. அளவான வண்டியில் சீட் குழாயை 8 முதல் 10 செ.மீ. வரை உயர்த்த இடம் இருக்கும் (குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது). ஆக, இன்றைக்குச் சீட்டை இறக்கிப் பாதம் பதிகிற வண்டி மூன்று வருஷம் தாராளமாக வரும். பெரிசாக வாங்கிய வண்டியோ முதல் மூன்று வருஷம் பயத்தில் சுவரோரம் நிற்கும். அளவு சரியாக வரும் நாளில் டயர் வெடித்து, ரிம் துருப்பிடித்துக் கிடக்கும். எது மிச்சம்?

மூன்று வருஷம் கழித்து? நம் காலத்தில் பாடப் புத்தகம் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், பிறகு அடுத்த தெருப் பிள்ளைக்கும் போனது மறந்துவிட்டதா? 20 இஞ்ச் வண்டிக்கு ஒரு தெருவில் எப்போதும் ஒரு பிள்ளை உண்டு. பால்ரஸ் மாற்றி, பிரேக் கட்டை மாற்றி, ஓவராயில் செய்து பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு வீட்டின் 24 இஞ்சைப் பாதி விலைக்கு வாங்குங்கள். புது வண்டிதான் வேண்டும் என்ற கௌரவத்தை விட்டால் இந்தச் சுற்று தானாக ஓடும்.

வீட்டில் நாம் செய்வதை அரசாங்கமும் செய்கிறது. தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. நல்ல திட்டம். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இதே மாதிரித் திட்டம் வந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் அளவு 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிள் ஒரு பெண் பிள்ளையின் படிப்பையே காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் ஒரு வித்தியாசம். பீகாரில் தொடக்கத்தில் 2,000 ரூபாய் பணமாகக் கொடுத்தார்கள், குடும்பம் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டது. இங்கே வண்டியாகவே வருகிறது, பையன்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு ஒரு மாதிரி. பையனா பெண்ணா என்று பார்க்கிறோம், நெட்டையா குட்டையா என்று பார்ப்பதில்லை. 142 செ.மீ. பெண்ணுக்கும் 165 செ.மீ. பெண்ணுக்கும் ஒரே வண்டி. குட்டையான பையன் பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாமல் வண்டியை வீட்டில் கொடுத்துவிட்டு நடந்து போகிறான். பள்ளிக்கூடத்தில் உயரமும் எடையும் எழுதி வைக்கிற பழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்த ஏட்டைப் பார்த்து இரண்டு ஃபிரேம் அளவில் வாங்கினால் என்ன? கொடுக்கிற நாளில் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு மெக்கானிக்குகளை ஸ்பேனரோடு நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டை உயர்த்தி இறக்கிக் கொடுத்தால் என்ன? பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா?

“புதுக்கோட்டைப் பொம்பளைங்க ஆம்பள சைக்கிளையே ஓட்டலையா?” என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். ஓட்டினார்கள். 1991-92-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜெண்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் வளர்ந்த பெண்கள், தங்கள் வேலைக்கு எது தோது என்று தாங்களே பார்த்து எடுத்தார்கள். நான் கேட்பதும் அதைத்தான்: ஓட்டுகிறவர் ஏறிப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் 1985-ல் கம்பெனி தொடங்கி, குட்டையான பெண்களுக்காக முன் சக்கரத்தை மட்டும் 24 இஞ்ச் ஆக்கி ஃபிரேமைத் தாழ்த்தினார். உடம்புக்காக வண்டியை மாற்றினார். நாமோ வண்டிக்காக உடம்பை வளைக்கச் சொல்கிறோம்.

கடைசியாக நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டையானவர்கள் என்றால் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். வயசாக ஆக நாமும் குறுகிக்கொண்டுதான் வருகிறோம். முதுகெலும்பு அமுங்குகிறது, இடுப்பு மடங்க மறுக்கிறது. பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட முடியாமல் எத்தனை பேர் சைக்கிளையே விட்டுவிட்டோம்! “பார் இல்லாத வண்டி எடுங்க அண்ணாச்சி” என்றால், “லேடீஸ் சைக்கிளா? ஊர் சிரிக்கும்” என்கிறார்கள். அந்தப் பார் ஃபிரேம் வளையாமல் இருக்கப் போட்ட இரும்புக் குழாய். மீசை அல்ல. எழுபது வயசில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் படுக்கையில் ஊர் சிரிக்காது, ஊர் வந்து பழம் கொடுத்துவிட்டுப் போகும். பேத்திக்குக் கிடைத்த இலவச சைக்கிளில் தென்னந்தோப்புக்குப் போய் வரும் தாத்தாக்கள் நம் ஊரில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள்தான் புத்திசாலிகள். என்ன, பேத்தி பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் சரி.

என் மச்சான் வாங்கிய 26 இஞ்ச் சைக்கிளை இப்போது பையனின் அம்மா கடைகண்ணிக்கு ஓட்டுகிறாள். பையனுக்கு பழைய 20 இஞ்ச் ஒன்று நானே தேடிப் பிடித்துக் கொடுத்தேன். மூன்று மாதமாக விழவில்லை.

பரீட்சை முடிந்து லீவு வரப்போகிறது. பிறந்தநாள், பாஸ் ஆனது என்று ஏதாவது ஒரு சாக்கில் பேரன் பேத்தி சைக்கிள் கேட்கப் போகிறார்கள். பத்தாயிரமோ ஐயாயிரமோ, நீங்கள்தான் கொடுக்கப் போகிறீர்கள். பிள்ளையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்ப்ரைஸ் என்று தனியாகப் போய் வாங்கி வராதீர்கள். சட்டைப் பையில் பணத்தோடு ஒரு தையல் டேப்பும் இருக்கட்டும். யாராவது பக்கத்தில் நின்று “வளர்ற பிள்ளைதானே” என்று தொடங்கினால், “வளரட்டும் மாமா, முதல்ல முழுசா இருக்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள்.